பத்து நாள் லீவும் பத்தடி பனியும்

டிஸ்கி: இது பயணக்கட்டுரை இல்லை. படம் கிடையாது. கொஞ்சம் காரமா இருக்கும். யாரையாவது குத்தற மாதிரி தெரிஞ்சா, முதல் குத்து எனக்குத்தான், மிச்சம்தான் உங்களுக்கு.

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டுல எங்க ஆபீஸுக்கு எதிர் டீக்கடை. கூட ஆணி பிடுங்கற நண்பன் ஒருத்தன் மொபைலை நீட்டினான். ஏதோ ஒரு டிரெக்கிங் கம்பெனி விளம்பரம். இடுப்பளவு பனியில ஒரு பொண்ணு கையை விரிச்சுட்டு நிக்குது. "மச்சி, இந்த வாட்டி பனி ரொம்ப ஜாஸ்தியாம்டா. இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது"ன்னான். ஆடித் தள்ளுபடி முடியப் போகுதுங்கற மாதிரி ஒரு அவசரம் குரல்ல.

எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. டீக்கடையில கத்த முடியாது, அதனால இங்க வந்து கத்தறேன்.

பனி ஜாஸ்தின்னா போகணும்னு யாருய்யா நமக்குச் சொல்லிக் கொடுத்தது? மழை ஜாஸ்தின்னா கொரட்டூர் பக்கம் வண்டியை ஓட்டிட்டுப் போவோமா? புயல் வருதுன்னா மெரினாவுல குளிக்கப் போவோமா? பனி மட்டும் அதிகமா இருந்தா அது நமக்கு போனஸ். காரணம் ரொம்ப சிம்பிள். நமக்குப் பனின்னா மார்கழி காலையில பூந்தமல்லி பைபாஸ்ல ஹெட்லைட் போட வைக்குமே அந்தப் புகை, இல்லைன்னா ஃப்ரீசர்ல ஐஸ் டிரேயைச் சுத்திப் படியறது. பத்தடி ஆழத்துக்குக் கிடக்கற பனி என்ன செய்யும்னு நம்ம உடம்புக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது, பழமொழிக்கும் தெரியாது.

கொஞ்சம் விளக்கறேன். நிறைய பனி விழுந்த வருஷத்துல முதல் எதிரி குளிர் இல்லை, தண்ணி. பனிக்கு அடியில ஓடை ஓடிக்கிட்டே இருக்கும். மேல பார்த்தா கெட்டியான தரை மாதிரி, வெள்ளை வெளேர்னு. அடியில கூடு. நடுவுல மெலிஞ்சு மெலிஞ்சு ஒரு நாள் உடையும். 2015 டிசம்பர் வெள்ளத்துல நாம எப்படி நடந்தோம்? முட்டி அளவு தண்ணியில, மூடி இல்லாத சாக்கடை எங்க இருக்குன்னு குச்சி விட்டுக் குத்திப் பார்த்துக்கிட்டே நடந்தோம்ல? பனிப்பாலமும் அதே கதைதான். என்ன, சாக்கடைக்குப் பதிலா ஆறு.

அப்புறம் பாறைங்க. வெயில்ல பாறை சூடாகி, சுத்தியும் பனி உருகி உள்ளுக்குள்ள பொந்து விழும். மேல ஒண்ணும் தெரியாது. கால் உள்ள போயி மாட்டினா முட்டி திரும்பிடும். அதிகாலையில பனி கண்ணாடி மாதிரி இறுகி இருக்கும், வழுக்கும். பத்து, பதினோரு மணி ஆச்சுன்னா கஞ்சி மாதிரி ஆகி இடுப்பு வரைக்கும் புதையும். நடக்கறதுக்கு நடுவுல ஒரு சின்ன ஜன்னல்தான். அதான் ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கெல்லாம் கிளம்பச் சொல்றாங்க, சும்மா ஸீன் போடறதுக்கு இல்லை.

அமெரிக்காவுல பசிபிக் கிரெஸ்ட் டிரெயில்னு ஒரு பாதை. மெக்சிகோ எல்லையில தொடங்கி கனடா எல்லை வரைக்கும் 4,265 கிலோமீட்டர். ஒரே மூச்சுல நடந்தா அஞ்சு மாசம் ஆகும். நடுவுல சியரா நெவாடா மலைகள். 2017-ல அங்க பனி அதிகம், அது உருகி ஆறெல்லாம் பொங்கிச்சு, அந்தப் பக்கம் நடந்த ரெண்டு பேர் தண்ணியில போயிட்டாங்க. 2023 ஏப்ரல் தொடக்கத்துல கலிபோர்னியா அரசு பனியை அளந்தப்ப வழக்கமான அளவுல 237 சதவீதம் இருந்துச்சு. நடக்க வந்தவங்க என்ன பண்ணாங்க? முரட்டு ஆளுங்க சில பேர் உள்ள போனாங்க. நிறைய பேர் அந்தப் பகுதியை அப்படியே விட்டுட்டு, வண்டி பிடிச்சு வேற பக்கம் போய் நடந்துட்டு, பனி குறைஞ்சப்புறம் திரும்பி வந்து விட்டதை முடிச்சாங்க. அதுக்கு அங்க தனியா பேரே இருக்கு, யாரும் கேவலமா நினைக்கறது இல்லை. அந்தப் பாதையில உச்சபட்ச உயரமே கிட்டத்தட்ட 4,000 மீட்டர்தான். நம்ம ஆளுங்க முதல் தடவை பூட்ஸ் மாட்டிட்டு நேரா 4,500-க்குப் போறாங்க.

ஆனா ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். அவங்க கையில அஞ்சு மாசம் இருக்கு. நம்ம கையில என்ன இருக்கு?

கணக்கு போடுவோம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் லேப்டாப்பை மூடிட்டு ஏர்போர்ட். அடுத்த வாரம் முழுக்க லீவு, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை ராத்திரி டெல்லியில இருந்து ஃபிளைட். இழுத்துப் பிடிச்சா பத்து நாள். அதுல டேராடூன் போக, மலையடிவாரம் போக, திரும்பி வரன்னு நாலு நாள் காலி. நடக்க ஆறு நாள். டிரெக்கும் கரெக்டா ஆறு நாள். உபரி நாள்? பூஜ்ஜியம். பொட்டி தட்டுற நம்மள்ல ஒருத்தனாவது வெள்ளிக்கிழமை சாயந்திரம் புரொடக்‌ஷன்ல கை வைப்போமா? ரோல்பேக் பிளான் இல்லாம ரிலீஸ் போடுவோமா? மேனேஜர் தலையால தண்ணி குடிச்சாலும் மாட்டோம்னு சொல்லுவோம். மலைக்கு மட்டும் ரோல்பேக்கே இல்லாம கிளம்பிடறோம்.

இப்ப கொசுவத்தி சுத்தியாகணும். வேற வழியில்லை.

2019. பூந்தமல்லி பக்கம் ஒரு காலேஜ்ல இன்ஜினியரிங் முடிச்சு, வேலையில சேர்ந்து ஒரு வருஷம். கையில முதல் முதலா காசு. 2018-19 குளிர்காலம் மேற்கு இமயமலையில பனி கொட்டித் தீர்த்த சீசன். மே மாசம் கேதார்நாத் பாதையிலயே பனியை வெட்டித்தான் வழி பண்ணாங்க. எனக்கு அதெல்லாம் 'செம சீசன்'னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. ஜூன் முதல் வாரம் ரூபின் கணவாய்க்குப் பேர் கொடுத்தேன். பயிற்சியா? ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில முதுகுல பத்து கிலோ அரிசிப் பையை மாட்டிட்டு ஒரு மாசம் நடந்தேன். ஏரிக்கரையில வாக்கிங் வர்ற ஒரு தாத்தா "ரேஷன் கடை இந்தப் பக்கமா மாத்திட்டாங்களா தம்பி?"ன்னு நிஜமாவே கேட்டார்.

ரூபின் பாதை உத்தராகண்டுல தௌலாங்கற ஊர்ல தொடங்கி, 4,650 மீட்டர் கணவாயைத் தாண்டி, இமாச்சல்ல சாங்லாவுல இறங்கும். இங்கதான் விஷயம் இருக்கு. ஏறின வழியிலயே இறங்கற டிரெக் இல்லை. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் குதிக்கணும். நாங்க மிச்ச பெட்டிகளை எல்லாம் முன்னாடியே வண்டியில அந்தப் பக்கம் அனுப்பியாச்சு. டிக்கெட்டும் அந்தப் பக்கத்துல இருந்துதான். திரும்பறதுன்னா மூணு நாள் வந்த வழியே நடக்கணும்.

மூணு அடுக்கு அருவியைத் தாண்டி மேல் கேம்ப்புக்குப் போனப்ப எல்லாமே பனி. ஒரு நாள் முழுக்க கூடாரத்து மேல பனி விழுந்துச்சு. மறுநாள் மத்தியானம் பளிச்சுன்னு வானம் வெளுத்துச்சு, நாங்க கைதட்டினோம். உள்ளூர் கைடு அண்ணன் மட்டும் கைதட்டலை. நாற்பது வயசிருக்கும், ரூபின் பள்ளத்தாக்குக்காரர். கணவாய்க்குக் கடைசியா ஏறற அந்தச் செங்குத்துச் சந்தைப் பார்த்துட்டே இருந்தார். புதுப்பனி விழுந்திருக்கு, ஒரு நாள் உட்காருவோம், அப்புறம் பார்க்கலாம்னார்.

ஒரு நாள் உட்கார்ந்தா ஞாயித்துக்கிழமை ஃபிளைட் போச்சு.

சாப்பாட்டுக் கூடாரத்துல பஞ்சாயத்து தொடங்கிச்சு. ஒருத்தனுக்குத் திங்கக்கிழமை ரிலீஸ். ஒருத்தனுக்கு அக்கா கல்யாணம். ஒரு பையனுக்கு லீவே சாங்ஷன் ஆகலை, காய்ச்சல்னு சொல்லிட்டு வந்திருக்கான். கம்பெனி அனுப்பின டிரெக் லீடருக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட இருந்தா அதிகம். அவன் பாவம், "கையைத் தூக்குங்க, மெஜாரிட்டி என்னவோ அது"ன்னுட்டான். பதினாறு பேர்ல பதிமூணு கை போகலாம்னு எழும்புச்சு. அந்தப் பதிமூணுல ஒண்ணு என்னோடது. எனக்கு ரிலீஸும் இல்லை, கல்யாணமும் இல்லை. டிக்கெட் காசு வீணாப் போயிடுமேன்னுதான் தூக்கினேன்.

அந்த ஓட்டெடுப்புல கைடுக்கு ஓட்டு கிடையாது. போர்ட்டர்களுக்கும் கிடையாது. கூடாரத்துக்கு வெளிய டீ போட்டுக்கிட்டிருந்தாங்க.

மூணரைக்குக் கிளம்பணும், கிளம்பினது நாலே முக்கால். பதினாறு பேரும் பூட்ஸ் கட்டி, பாத்ரூம் போயி, செல்ஃபி எடுத்து முடிக்கணுமே. அந்தச் சந்துக்குப் போய்ச் சேர்றப்ப ஒன்பது மணி, வெயில் நேரா மேல விழுது. அவ்வளவு பனியில கோவேறு கழுதைங்க ஏறாதுங்கறதால சுமையெல்லாம் ஆளுங்க முதுகுல. முன்னாடி கைடு, அவருக்குப் பின்னாடி போர்ட்டர் பையன் ஒருத்தன், கோடரியால பனியை வெட்டி நாங்க கால் வைக்கறதுக்குப் படி பண்ணிட்டே போனாங்க. நாங்க பூட்ஸுல இரும்புப் பல்லு மாட்டியிருந்தோம். அந்தப் பையன் கால்ல வயல்ல போடற மாதிரி ரப்பர் பூட்ஸ்.

பெருசா சத்தம் எதுவும் வரலை. சோத்துப் பானையில இருந்து ஒரு கட்டி சரியுமே, அந்த மாதிரி அவன் நின்ன இடத்துல மட்டும் மேல்பனி ஒரு பாய் அகலத்துக்குக் கழண்டு நழுவிச்சு. அவனும் அதோட போனான். எங்க எல்லாரையும் தாண்டி, முதுகுல எங்க கூடாரத்தோட, கீழ ஒரு பாறையில மோதி நின்னான். மோதினது நல்லதாப் போச்சு, பாறை இல்லைன்னா இந்தப் பதிவை எழுத எனக்குக் கை வராது. மணிக்கட்டு உடைஞ்சு, தோள்பட்டை இறங்கிப் போச்சு. அவன் கத்தலை. கைடுதான் எதுவோ சொன்னார், எங்களைப் பார்த்து இல்லை, மலையைப் பார்த்து. எனக்கு இந்தி அரைகுறை. அன்னிக்கு அது நல்லதுன்னு தோணிச்சு.

அவன் சுமையை மத்த போர்ட்டர்கள் பிரிச்சுக்கிட்டாங்க. கையைக் கட்டிட்டு அவனும் கணவாய் தாண்டினான், திரும்பறதுக்கு அதுதான் கிட்ட. சாங்லாவுல வசூல் பண்ணோம். ஆளுக்கு 200 ரூபாய். பதினாறு பேர், 3,200. சீசனே வருஷத்துல சில மாசம்தான், அந்தச் சீசன் அவனுக்கு அன்னியோட முடிஞ்சு போச்சு. நாங்க ஃபிளைட்டைப் பிடிச்சோம். திங்கக்கிழமை ரிலீஸ் ஆச்சு. சர்டிபிகேட் ரொம்ப நாள் என் மேஜையில குத்தியிருந்துச்சு.

எங்க தெருவுல ஒரு மாமா இருக்கார். ஆவடியில தெருவுக்கு ரெண்டு ராணுவக்காரர் இருக்கறது ஒண்ணும் அதிசயமில்லை. இவர் வடக்க உயரமான இடங்கள்ல டூட்டி பார்த்துட்டு ரிட்டயர் ஆனவர். திரும்பி வந்து போட்டோவை எல்லாம் அவர்கிட்ட காட்டினேன், பெருமையா. பனி எப்ப விழுந்துச்சுன்னு கேட்டார், சொன்னேன். எப்ப ஏறினீங்கன்னார், சொன்னேன். கண்ணாடியைக் கழட்டிட்டு, "வானம் தெளிஞ்ச அன்னிக்குத்தான்டா நாங்க நகர மாட்டோம்"னார்.

அப்புறம்தான் படிச்சேன். புதுப்பனி விழுந்து முதல் 24 மணி, 48 மணி நேரம்தான் சரிவுக்கு ரொம்ப மோசமான நேரம். முப்பதுல இருந்து நாற்பத்தஞ்சு டிகிரி சாய்வுதான் அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வெயில் வேற அடிச்சா கேட்கவே வேண்டாம். நாங்க கைதட்டினோமே அந்த நீல வானம், அதுதான் எச்சரிக்கை. 2016 பிப்ரவரியில சியாச்சின்ல 19,600 அடியில மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்து பேர் பனிச்சரிவுல புதைஞ்சு போனாங்க, தமிழ்நாட்டுக்காரங்களும் அதுல உண்டு. பனியிலயே வாழப் பயிற்சி எடுத்தவங்களுக்கே அந்தக் கதின்னா, ஏரிக்கரையில அரிசிப் பை தூக்கின நான் எந்த மூலைக்கு?

"அதான் உனக்கு ஒண்ணும் ஆகலையே"ம்பீங்க. பிரச்சினையே அதுதான். ஒண்ணும் ஆகாதவன்தான் திரும்பி வந்து பதிவு போடறான். டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னா பக் இல்லைன்னு அர்த்தமா? 2014 அக்டோபர் 12-ம் தேதி நம்ம வங்காள விரிகுடாவுல இருந்து ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்துல கரையேறிச்சு. ரெண்டு நாள் கழிச்சு அதோட மிச்சம் நேபாளத்துல அன்னபூர்ணா பக்கம் பனியாக் கொட்டிச்சு. 5,416 மீட்டர் தோரோங் லா கணவாயைத் தாண்டிக்கிட்டிருந்தவங்க நடுவழியில மாட்டினாங்க. அந்தப் பகுதியில நாற்பது பேருக்கு மேல செத்தாங்க. அக்டோபர் நடு, எல்லா கைடு புக்குலயும் 'சிறந்த மாதம்'னு போட்டிருக்கற மாசம். 2021 அக்டோபர்ல ஹர்சில்ல இருந்து சிட்குல் போற லம்காகா கணவாய்ப் பாதையில மேற்கு வங்கத்துல இருந்து வந்தவங்க பல பேர். 2024 ஜூன்ல சஹஸ்திர தால் பாதையில கர்நாடகக் குழுவுல ஒன்பது பேர். செத்தவங்க மேல குற்றம் சொல்ல வரலை, அதுக்கு எனக்கு யோக்கியதையும் கிடையாது. நாள்காட்டியில சீசன்னு போட்டிருந்தா மலைக்கும் அது தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லைங்கறதுக்காகச் சொல்றேன்.

உடனே ஒரு கும்பல் "இதையெல்லாம் தடை பண்ணணும் சார்"னு கிளம்பும். அவங்களோடவும் எனக்கு ஒத்துவராது. 2018 மார்ச்சுல குரங்கணி காட்டுத்தீயில நம்ம ஊர்ப் பசங்க கருகினப்பவும் இதேதான் சொன்னாங்க. அப்புறம் 2024 அக்டோபர்ல வனத்துறையே 40 பாதைகளை அறிவிச்சு, வழிகாட்டியோட கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்ணிச்சு. அது சரியான வேலை. உத்தராகண்டுல 2018-ல புல்வெளிகள்ல ராத்தங்கக் கூடாதுன்னு கோர்ட் சொன்னதும் கூட்டம் அப்படியே பக்கத்துப் பாதைக்குப் போச்சே ஒழிய வீட்டுல உட்காரலை.

இன்னொரு கட்சி: "ரிஸ்க் எதுலதான் இல்லை? சி.டி.எச். ரோட்டுல தினமும் பைக் ஓட்டறியே?" ஓட்டறேன். விழுந்தா என் கை உடையும். அங்க நான் கையைத் தூக்கினேன், இன்னொருத்தன் கை உடைஞ்சுது. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றவங்களோட பேச எனக்குத் தெம்பு இல்லை.

மூணாவது கட்சிதான் எனக்குப் பிடிச்சது: "அதெல்லாம் டிரெக்கிங் கம்பெனி பார்த்துக்கணும், காசு கொடுக்கறோம்ல." சரி, கம்பெனி உங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டா என்ன எழுதுவீங்க? எங்க குழுவுக்கு முந்தின வாரக் குழு பனியால பாதியிலயே திரும்பியிருந்துச்சு. அவங்க போட்ட விமர்சனங்களைப் போய்ப் படிச்சேன். 'கணவாய் தாண்டலை, ஏமாத்திட்டாங்க', ஒரே ஒரு நட்சத்திரம். அதை எழுதினது கம்பெனி இல்லை, நம்மள மாதிரி ஒருத்தர்தான். அந்த ஒரு நட்சத்திரம்தான் அடுத்த வாரம் எங்க டிரெக் லீடரைக் கையைத் தூக்கச் சொல்ல வைச்சது. 'தொடக்கநிலையினருக்கும் ஏற்றது'ன்னு விளம்பரத்துல அவன் எழுதறான்னா, நாம அதைத் தேடறோம்னுதான் எழுதறான்.

நம்ம நாட்டுல இன்னொரு கூத்து. அமெரிக்கப் பாதையில நடக்கறவன் பாக்கெட்டுல ஆபத்துன்னா பொத்தானை அமுக்கற சாட்டிலைட் கருவி சாதாரணமா இருக்கும். இங்க அனுமதி வாங்காம சாட்டிலைட் போனோ அந்தக் கருவியோ வெச்சிருந்தா போலீஸ் கேஸ். அதாவது மேல ஏதாவது ஆச்சுன்னா, ஒருத்தன் கீழ ஓடிப் போய்த்தான் சொல்லணும். யாரு ஓடுவாங்கன்னு நினைக்கறீங்க? நாமளா?

நான் கேட்கறது ரொம்பக் கொஞ்சம். பத்து நாள் லீவா? நாலு நாள் டிரெக் போங்க, ரெண்டு நாளை மலைக்கு விடுங்க. அந்த ரெண்டு நாள் தேவைப்படலைன்னா டேராடூன்ல உட்கார்ந்து பன் ஆம்லெட் சாப்பிடுங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது. பனி பார்க்கணும்னா ஏறின வழியே இறங்கற பாதை எவ்வளவோ இருக்கு, பனி அதிகமான வருஷத்துல கணவாய் தாண்டினாத்தான் பனி கண்ணுக்குத் தெரியும்னு இல்லை. டி.ஆர்.டி.ஓ.வுக்குக் கீழ சண்டிகர்ல டி.ஜி.ஆர்.இ.ன்னு ஒரு அமைப்பு பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுது. கிரிக்கெட் ஸ்கோருக்கு நூறு தடவை ரிஃப்ரெஷ் பண்ற கை அதை ஒரு தடவை தேடலாம். காசு கட்டறதுக்கு முன்னாடி கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க: பாதியில திரும்பினா போர்ட்டருக்கு முழுச் சம்பளம் உண்டா? அவன் கால்ல என்ன ஷூ? போகலாமா வேண்டாமான்னு கடைசி வார்த்தை யாரோடது? மூணாவதுக்கு 'குரூப் முடிவு பண்ணும்'னு பதில் வந்தா போனை வெச்சிடுங்க.

டீக்கடைக்கு வர்றேன். இதுல பாதியை அவன்கிட்ட சொன்னேன். எப்படா ரிட்டர்ன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி, திங்கக்கிழமை கோ-லைவ்னான். ரெண்டு நாள் தள்ளிப் போட்டா டிக்கெட்டுக்கு எவ்வளவு கூட ஆகும்னு அங்கயே அவன் மொபைல்ல பார்த்தோம். 3,250 ரூபாய் காட்டிச்சு. அவன் ரொம்ப நேரம் அந்த நம்பரையே பார்த்தான். டீயைக் குடிச்சு முடிச்சு, ரெண்டு பேருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துட்டு, "யோசிக்கறேன் மச்சி"ன்னுட்டு ரோட்டைக் கிராஸ் பண்ணிப் போயிட்டான்.